சின்னக் குழந்தைகள் இருக்கும் வீடு: 15 நிமிடத்தில் மீண்டால் போதும்

ஐந்து வயதுக்குக் கீழே ஒரு குழந்தை இருக்கும் வீட்டில், காலையில் அடுக்கி வைத்தது மதியம் வரை அப்படியே இருக்காது. கூடையைக் கவிழ்ப்பது, உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பது, தூக்கிப் போட்டுச் சத்தம் கேட்பது எல்லாம் அந்த வயதின் வேலை. அதைத் தடுத்துத்தான் வீட்டை ஒழுங்காக வைக்க முடியும் என்றால் அந்த ஒழுங்கு தேவையே இல்லை. ஆகவே கலையாத வீட்டுக்கு ஆசைப்படாதீர்கள். எவ்வளவு கலைந்தாலும் 15 நிமிடத்தில் புழங்கும் நிலைக்குத் திரும்பிவிடுகிற வீடு போதும். அது முடியும். அதற்கு வேண்டியது அதிக உழைப்பு அல்ல, பொருட்களைக் குறைப்பதும் அவற்றின் இடங்களை மாற்றுவதும்தான்.

சுத்தம் வேறு, ஒழுங்கு வேறு, அழகு வேறு

இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் வேலை மலையாகத் தெரிகிறது. சுத்தம் என்பது நோயும் ஆபத்தும் வராமல் பார்ப்பது. ஒழுங்கு என்பது தேடும் பொருள் கைக்குக் கிடைப்பது, நடக்கும் வழியில் கால் இடறாமல் இருப்பது. அழகு என்பது பார்வைக்கு நன்றாக இருப்பது. சின்னக் குழந்தை வளரும் சில வருடங்களுக்கு முதலாவதில் விட்டுக்கொடுக்காதீர்கள், இரண்டாவது ஓரளவுக்கு இருந்தால் போதும், மூன்றாவதைத் தள்ளிப்போடுங்கள்.

தினமும் சுத்தமாக இருக்க வேண்டியவை நான்கே இடங்கள்: சாப்பாடு படும் மேடையும் மேஜையும், பாத்திரம் கழுவும் சிங்க், கழிவறை, தவழும் குழந்தை புரளும் தரைப்பகுதி. ஜன்னல் கம்பி, அலமாரியின் உள்பக்கம், புத்தக அடுக்கு, மின்விசிறி இதெல்லாம் மாதம் ஒருமுறை போதும். தரையைத் தினமும் கிருமிநாசினி ஊற்றித் துடைக்க வேண்டியதில்லை. சோப்பு கலந்த தண்ணீரே அன்றாடத்துக்குப் போதுமானது. வீட்டில் வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் மட்டும் கிருமிநாசினியை எடுங்கள். அப்போதும் முதலில் அழுக்கைத் துடைத்து எடுத்து, சோப்பால் கழுவிவிட்டு, அதற்கு மேல்தான் கிருமிநாசினி. பாட்டிலில் எழுதியிருக்கும் நிமிடக் கணக்கு வரை அது ஈரமாக இருக்க வேண்டும். ஊற்றிய கையோடு துடைத்தால் பலன் இல்லை. வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சில வைரஸ்களுக்கு சானிட்டைசர் சரியாக வேலை செய்யாது. சோப்பு போட்டு 20 வினாடி கைகழுவுவதுதான் நம்பகமானது.

ப்ளீச்சையும் அமிலம் உள்ள டாய்லெட் கிளீனரையும் ஒருபோதும் சேர்த்து ஊற்றாதீர்கள். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். இந்த பாட்டில்கள் சிங்குக்குக் கீழே இருந்தால் இன்றே எடுத்து, பூட்டு உள்ள மேல் அலமாரிக்கு மாற்றிவிடுங்கள். வேறு பாட்டிலில் ஊற்றி வைக்கவும் கூடாது. குடிக்கும் தண்ணீர் என்று குழந்தை மட்டுமல்ல, பெரியவர்களும் எடுத்துவிடுவார்கள்.

தரையில் எது கிடக்கலாம், எது கூடாது

பொம்மை கிடந்தால் பரவாயில்லை. மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தையின் தொண்டையை அடைக்கக்கூடியது எதுவும் கிடக்கக் கூடாது. பொம்மைப் பாதுகாப்புச் சோதனையில், தொண்டையை அடைக்கும் அளவா என்று பொருளைப் போட்டுப் பார்க்கும் உருளையின் விட்டம் 3.17 செ.மீ. வீட்டில் அளக்க எளிய வழி, டாய்லெட் பேப்பர் சுற்றிவரும் அட்டைக் குழாய். அது சுமார் 4 செ.மீ. அகலம் இருக்கும். அதற்குள் நுழையும் எந்தப் பொருளும் குட்டிக் குழந்தையின் கைக்கு எட்டக் கூடாது. நாணயம், கோலி, பேனா மூடி, பெரிய பிள்ளையின் கட்டைகளில் இருக்கும் குட்டித் துண்டுகள் எல்லாம் இதில் அடக்கம்.

பட்டன் பேட்டரி இன்னும் மோசம். ரிமோட், எடை பார்க்கும் கருவி, பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை, விளக்கு எரியும் பொம்மை ஆகியவற்றில் இருக்கும். விழுங்கினால் உணவுக்குழாயில் சிக்கி 2 மணி நேரத்துக்குள்ளேயே கடுமையாக அரித்துவிடும். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே, அறிகுறிக்குக் காத்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். மூடி ஸ்க்ரூ போட்டு இறுக்கப்படாத எந்தப் பேட்டரிப் பொருளும் வெளியே இருக்க வேண்டாம். அதேபோல, இழுப்பறை உள்ள உயரமான அலமாரியைச் சுவரோடு பிணைத்து ஸ்க்ரூ அடியுங்கள். குழந்தை இழுப்பறைகளைப் படிக்கட்டாக்கி ஏறும்போது அலமாரி முன்பக்கம் சாய்ந்துவிடும். கனமான பொருளைக் கீழ்த்தட்டில் வையுங்கள். பிடித்த பொம்மையை அலமாரியின் உச்சியில் ஒளித்து வைக்காதீர்கள், அதற்காகத்தான் ஏறுவார்கள். வாளியில் தண்ணீர் பிடித்து வைத்தால் மூடியோ பூட்டிய கதவோ கட்டாயம் வேண்டும். சில சென்டிமீட்டர் தண்ணீர்கூட நடைபழகும் குழந்தைக்கு ஆபத்து.

இந்த வேலைகளை ஒரு விடுமுறை நாளில் முடித்துவிட்டால், அதன்பிறகு தரையில் பொம்மை இறைந்து கிடப்பதைப் பார்த்து நெஞ்சு பதற வேண்டியிருக்காது.

பொம்மைகள்

வீடு கலைவதற்குக் குழந்தையைவிடப் பெரிய காரணம் பொம்மைகளின் எண்ணிக்கை. அமெரிக்காவின் டொலிடோ பல்கலைக்கழகத்தில் நடந்து 2018-ல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், நடைபழகும் வயதுக் குழந்தைகள் 36 பேரை ஒருமுறை 4 பொம்மைகளோடும் இன்னொருமுறை 16 பொம்மைகளோடும் விளையாடவிட்டார்கள். 4 பொம்மைகள் இருந்தபோது ஒவ்வொன்றோடும் அதிக நேரம், பல விதமாக விளையாடினார்கள். குறைத்தால் குழந்தைக்கு நஷ்டம் என்று தயங்க வேண்டியதில்லை.

செய்ய வேண்டியது இதுதான். எல்லாப் பொம்மைகளையும் ஒரே இடத்தில் கொட்டுங்கள். உடைந்தது, பாகம் தொலைந்தது, வயது கடந்தது மூன்றையும் நீக்குங்கள். மீதியை மூன்று பங்காகப் பிரியுங்கள். ஒவ்வொரு பங்கிலும் அடுக்க ஒன்று, நடிக்க ஒன்று (சொப்புச் சாமான், பொம்மைக் குழந்தை மாதிரி), ஓட்ட ஒன்று, வரைய அல்லது கோர்க்க ஒன்று என்று கலந்து இருக்கட்டும். ஒரு பங்கு வெளியே, இரண்டு பங்கு கண்ணுக்குத் தெரியாத பெட்டிகளில். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். கிழமை பார்த்து மாற்ற வேண்டியதில்லை. எடுத்ததைக் கொட்டிவிட்டு விளையாடாமல் நகர்ந்துபோகிறார்கள் என்றால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. கட்டிப்பிடித்துத் தூங்கும் பொம்மையை மட்டும் இந்தச் சுழற்சியில் சேர்க்காதீர்கள். அது எப்போதும் வெளியே இருக்கட்டும்.

பெரிய பெட்டி ஒன்றில் எல்லாவற்றையும் போட்டு மூடுவது சுலபம் போலத் தோன்றும். ஆனால் அடியில் இருக்கும் ஒரு காருக்காகக் குழந்தை முழுப் பெட்டியையும் கவிழ்க்கும். அதைவிட, 60 முதல் 70 செ.மீ. உயரமுள்ள திறந்த அலமாரி ஒன்று, அதில் சுமார் 30 செ.மீ. நீளம், 15 செ.மீ. ஆழமுள்ள மூடியில்லாத கூடைகள் ஆறிலிருந்து எட்டு. ஒரு கூடைக்கு ஒரு வகை. முக்கால் அளவுக்கு மேல் நிரப்பக் கூடாது. நிரம்பி வழிந்தால் திரும்ப உள்ளே போடுவது குழந்தைக்கு முடியாது, விட்டுவிடும். மூடி இருந்தாலும் அதே கதைதான். கூடையின் முன்பக்கத்தில் உள்ளே இருக்கும் பொருளின் படத்தை ஒட்டுங்கள். எழுத்து தெரியாத வயதில் படம்தான் விலாசம்.

வகை பிரிப்பதில் அளவு மீற வேண்டாம். சிவப்புக் கட்டை தனி, நீலக் கட்டை தனி என்று பெரியவர்கள் பிரிக்கும் நுணுக்கம் ஒரு வாரம்கூடத் தாங்காது. "கட்டைகள்", "வண்டிகள்", "மிருகங்கள்" என்று மூன்று வயதுக் குழந்தை ஒரு சொல்லில் சொல்லக்கூடிய வகைதான் நிலைக்கும்.

கட்டைகளுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. ஒன்றரை மீட்டர் சதுரத்தில் ஒரு கெட்டித் துணியை விரித்து, அதன் மேல்தான் கட்டை விளையாட்டு என்று பழக்குங்கள். முடிந்ததும் நான்கு முனையையும் சேர்த்துத் தூக்கி, கூடையில் சரித்தால் ஒரு நிமிடத்தில் வேலை முடிந்தது. விளிம்பைத் தாண்டி நாலைந்து துண்டு ஓடியிருக்கும், அவ்வளவுதான். பாதி கட்டிய கோட்டை இருந்தால் அன்று கலைக்காதீர்கள். "நாளைக்கு முடிக்கலாம்" என்று துணியோடு ஓரமாக இழுத்து வைக்கலாம். குழந்தைக்கு அது குப்பை இல்லை, வேலை.

தண்ணீர் பீய்ச்சும் ரப்பர் பொம்மைகளின் உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். குளித்ததும் நன்றாகப் பிழிந்து காற்றில் வையுங்கள். கறுப்பாக ஏதாவது பீய்ச்சி வந்தால் கழுவிப் பார்க்காமல் எறிந்துவிடுங்கள். ஓட்டை இல்லாத பொம்மை வாங்கினால் இந்தத் தொல்லையே இல்லை.

எடுத்து வைக்கச் சொல்லும் விதம்

"ரூமைச் சுத்தம் பண்ணு" என்ற வாக்கியம் மூன்று வயதுக் குழந்தைக்குப் புரியாது. எங்கே தொடங்குவது, எது முடிந்தால் முடிந்தது என்று எதுவும் அதில் இல்லை. "கண்ணா, காரையெல்லாம் இந்தக் கூடைக்குள்ள போடு" என்றால் புரியும்.

ஒன்றரை வயதில் ஒரே ஒரு செயலைச் சொன்னால் செய்வார்கள்: "பந்தைக் கூடையில போடு." இரண்டரை வயது வாக்கில் இரண்டு படிகள் சேர்ந்த செயல் பிடிபடும்: "செருப்பைக் கழற்றி, இங்க வை." மூன்று, நான்கு வயதில் ஒரு வகை முழுவதையும் பொறுக்குவார்கள், அழுக்குத் துணியைக் கூடையில் போடுவார்கள். ஐந்து வயதில் தன் தட்டை எடுத்து வைப்பது, காலுறைக்கு ஜோடி தேடுவது, படுக்கையை இழுத்து விடுவது வரும். பிள்ளைக்குப் பிள்ளை இதில் சில மாதங்கள் முன்பின் இருக்கும். எந்த வயதிலும் முதல் சில வாரங்கள் நீங்களும் கூடவே உட்கார்ந்து போட வேண்டும். அடுத்த அறையிலிருந்து குரல் கொடுத்தால் நடக்காது.

நேரம் மிக முக்கியம். தூங்கப் போகும் முன் எடுத்து வைக்கச் சொல்லும் வீடுகளில்தான் அழுகை அதிகம். அப்போது குழந்தை களைத்துப்போயிருக்கும். இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் சாப்பாடு என்று அடுத்தது என்னவென்று தெரிந்திருப்பதால் இணங்கி வருவார்கள். 5 நிமிடம் முன்னதாகவே "இன்னும் கொஞ்ச நேரத்துல எடுத்து வைக்கப் போறோம்" என்று சொல்லிவிடுங்கள். பிறகு தினமும் அதே பாட்டு, ஒரே பாட்டு. பாட்டு முடிந்தால் வேலையும் முடிந்தது, மீதி கிடந்தாலும் சரி. முடிவு எப்போது என்று தெரிந்த வேலையைக் குழந்தை எதிர்ப்பது குறைவு.

குழந்தை போட்டதை அதன் கண் முன்னால் எடுத்துச் சரியாக அடுக்காதீர்கள். கோணலாக இருக்கட்டும். நாம் திருத்தும் ஒவ்வொரு முறையும் "நான் செய்தது செல்லாது" என்பதுதான் அதன் மனதில் பதியும். "எடுத்து வைக்கலன்னா குப்பையில போட்டுடுவேன்" என்று மிரட்டவும் வேண்டாம். போடவில்லை என்றால் சொல்லுக்கு மதிப்பு போகும், போட்டால் பொருளை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் குணம் வளரும்.

இரவு 15 நிமிடம்

குழந்தை தூங்கியபின் போனில் 15 நிமிடம் அலாரம் வைத்துக்கொண்டு இந்த வரிசையில் போங்கள்.

முதல் 2 நிமிடம்: ஒரு காலிக் கூடையோடு ஹாலைச் சுற்றி, இடம் மாறிக் கிடப்பதையெல்லாம் கூடையில் போடுங்கள். இப்போது ஒவ்வொன்றையும் அதனதன் இடத்துக்குக் கொண்டுபோக வேண்டாம்.
அடுத்த 4 நிமிடம்: சிங்க்கைக் காலி செய்யுங்கள். கழுவி முடியாதது ஊறட்டும்.
2 நிமிடம்: சாப்பிடும் மேஜை, சமையல் மேடை, குழந்தை உட்காரும் நாற்காலித் தட்டு.
3 நிமிடம்: தவழும் பகுதியும், படுக்கையிலிருந்து கழிவறைக்கும் சமையலறைக்கும் போகும் வழியும் மட்டும் பெருக்குங்கள்.
3 நிமிடம்: நாளைக்கான பை, உடை, தண்ணீர் பாட்டில்.
கடைசி 1 நிமிடம்: குளியலறை வாளியைக் கவிழ்த்து, தரை ஈரத்தைத் தள்ளிவிட்டு, டயப்பர்க் குப்பையைக் கட்டி வெளியே வையுங்கள்.

அலாரம் அடித்ததும் நிறுத்துங்கள். கூடையில் சேர்ந்ததை மறுநாள் அந்தந்த அறைக்குப் போகும்போது கையோடு கொண்டுபோகலாம். இந்த வரிசை தவறுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: எடுத்து வைக்க ஆரம்பித்தவர் ஓர் இழுப்பறையைத் திறந்து வகை பிரிக்க உட்கார்ந்துவிடுவார். பிரிப்பது பகல் வேலை. இரவில் அதில் இறங்கினால் முக்கால் மணி நேரம் போய், சிங்க் அப்படியே கிடக்கும்.

துணி

இரண்டு, மூன்று நாள் சேர்த்துப் போட்டால் துணி மலையாகிவிடும். தினமும் ஒரே ஒரு லோடு, மெஷினின் டிரம் முக்கால் அளவுதான் நிரம்ப வேண்டும். திணித்தால் தண்ணீர் புரளாமல் அழுக்கு அப்படியே வரும். குழந்தைக்குத் தினசரி உடை எட்டு, பத்து செட் போதும். அதற்கு மேல் இருந்தால் துவைப்பதைத் தள்ளிப்போடத்தான் உதவும். உள்ளாடை, காலுறை, வீட்டு உடையை மடிக்கவே வேண்டாம், தனித்தனிக் கூடையில் அப்படியே போடுங்கள். குட்டிக் காலுறைகளை வலைப்பையில் போட்டுத் துவைத்தால் ஜோடி தொலையாது. அலமாரியின் அடியில் ஒரு பெட்டி வைத்து, உடை சிறியதாகிவிட்டது என்று தெரிந்த அந்த நிமிடமே அதில் போடுங்கள். திரும்பவும் மடித்து உள்ளே வைத்தால் அடுத்த வாரம் அதே போராட்டம்.

படுக்கை நனைக்கும் வயதில் மெத்தையை இப்படித் தயார் செய்யுங்கள்: கீழே நீர்புகாத விரிப்பு, மேலே பெட்ஷீட், அதன் மேல் இன்னொரு நீர்புகாத விரிப்பு, அதற்கும் மேல் இன்னொரு பெட்ஷீட். நடுராத்திரி நனைந்தால் மேலே உள்ள இரண்டையும் உருவி எடுத்தால் போதும், கீழே உலர்ந்த படுக்கை தயாராக இருக்கும். விளக்கைப் போட்டு, மெத்தையைத் தூக்கி, குழந்தையை முழுதாக எழுப்ப வேண்டியதில்லை. மெத்தையே நனைந்துவிட்டால் தேய்க்காமல் துணியால் அழுத்தி ஒற்றி எடுத்து, சமையல் சோடாவைத் தூவி, சில மணி நேரம் காயவிட்டு, வாக்குவம் கிளீனரால் உறிஞ்சி எடுங்கள்.

கறைகள்

பால், இரத்தம், சிறுநீர், வாந்தி ஆகியவற்றுக்கு முதலில் பச்சைத் தண்ணீர்தான். இவற்றில் புரதம் இருப்பதால் சுடுதண்ணீர் பட்டதும் கறை இறுகி நூலோடு ஒட்டிக்கொள்ளும். அரை மணி நேரம் குளிர்ந்த தண்ணீரில் ஊற வைத்து அலசி, அதன்பின் என்சைம் உள்ள சோப்புத்தூளில் துவைக்கவும். கறை போயிற்றா என்று பார்த்தபிறகே உலர்த்துங்கள்.

சுவரில் கிரேயான் என்றால் அது மெழுகு. வெறும் தண்ணீருக்குப் போகாது. ஈரத் துணியில் ஒரு சிட்டிகை சமையல் சோடா தொட்டு, வட்டமாக, லேசாகத் தேயுங்கள். முதலில் கதவுக்குப் பின்னால் ஒரு மூலையில் செய்து பாருங்கள். பளபளப்பில்லாத பெயின்ட் என்றால் அழுத்தித் தேய்த்த இடம் மட்டும் மின்னும், அது கிரேயானைவிட அசிங்கமாகத் தெரியும். மேஜையில் அழியாத மார்க்கர் பட்டால் துணியில் சானிட்டைசரைத் தொட்டுத் துடைக்கலாம், வார்னிஷ் அடித்த மரத்தில் மட்டும் கூடாது. கம்பளத்தில் களிமண் போலப் பிசைந்து விளையாடும் மாவு ஒட்டினால் ஈரம் காட்டாதீர்கள். ஓர் இரவு காயவிட்டு, கெட்டிப் பிரஷால் உதிர்த்தால் கட்டியாகப் பெயரும். துணியில் ஸ்லைம் (இழுத்து விளையாடும் கொழகொழப்பான பசை) பிடித்தால் வெள்ளை வினிகரை ஊற்றி 5 நிமிடம் விடுங்கள், அமிலம் அதன் இறுக்கத்தை உடைத்து இளக்கிவிடும்.

இதைவிட நல்லது, கிரேயானையும் பெயின்டையும் பெரியவர்கள் எடுத்துக் கொடுக்கும் உயரத்தில் வைத்து, ஒரே இடத்தில் மட்டும் வரையவிடுவது.

வரைந்த தாள்கள் குவியும். எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டு, பின்பக்கம் தேதி எழுதி, மாதம் ஒன்றிரண்டு மட்டும் குழந்தையையே தேர்ந்தெடுக்கச் சொல்லி வைத்துக்கொள்ளுங்கள். மற்றதைப் படம் எடுத்துக்கொள்ளலாம்.

யார் எதைச் செய்வது

வீட்டில் பெரியவர்கள் இருவர் இருந்தால் வேலையைத் துண்டு துண்டாகப் பிரிக்காமல் முழுதாகப் பிரியுங்கள். துணி ஒருவருடையது என்றால் சோப்புத்தூள் தீர்வதைக் கவனிப்பது, போடுவது, உலர்த்துவது, எடுத்து வைப்பது எல்லாமே அவருடையது. "சொன்னால் செய்கிறேன்" என்பது பாதி வேலைதான். எது எப்போது வேண்டும் என்று நினைவில் வைத்திருக்கும் மீதிப் பாதி, சொல்கிறவரின் தலையிலேயே நிற்கும். களைப்பில் பெரும்பங்கு அங்கிருந்துதான் வருகிறது. ஒருவர் செய்யும் விதத்தை மற்றவர் திருத்தவும் வேண்டாம், துண்டை எப்படி மடித்தாலும் அது துவட்டும்.

முடியாத நாட்கள்

குழந்தைக்குக் காய்ச்சல், புதிதாக ஒரு குழந்தை பிறந்த வாரங்கள், ராத்திரி தூக்கமே இல்லாத நாட்கள் என்று வரத்தான் செய்யும். அப்போது 15 நிமிடக் கணக்கையும் விட்டுவிடுங்கள். மூன்றே வேலை: அடுத்த வேளைக்குத் தேவையான பாத்திரம், ராத்திரி நடக்கும் வழி, டயப்பரும் சாப்பாட்டுக் குப்பையும் வெளியே. தரையில் கிடக்கும் மற்ற எல்லாவற்றையும் ஒரு பழைய பெட்ஷீட்டில் அள்ளி, மூட்டையாகக் கட்டி, குட்டிக் குழந்தைக்கு எட்டாத இடத்தில் வைத்துவிடுங்கள். உடல் தேறி இரண்டு நாள் கழித்துப் பிரித்தால் போதும். அள்ளும்போது பெரிய பிள்ளையின் குட்டித் துண்டுகள், நாணயம், பேட்டரி எல்லாம் கலந்து போயிருக்கும் என்பதால், தவழும் குழந்தை தூங்கும் நேரமாகப் பார்த்து அந்த மூட்டையை அவிழ்க்கவும்.